பில்யே கிழித்த எண்ணெய்த்தாள்

வோன்ஜு ரயிலடிக்குப் பின்னால் உள்ள சந்தில் பில்யேவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. வண்டியில் கோஸ் கொண்டுவருகிறவன் அவள் வீட்டைத் தாண்டும் வரைக்கும் கூவ மாட்டான். கூவினால் அவள் வெளியே வந்துவிடுவாள். மேலே நல்லதாக அடுக்கியிருப்பதை விட்டுவிட்டு அடியில் கையை விட்டு ஒன்றை உருவி, பிளந்து, உள்ளே கறுத்திருப்பதைத் தெருவுக்கே காட்டிவிட்டு, "இதை உன் பொண்டாட்டிக்குக் கொண்டு போய்க் குடு" என்பாள். அதன் பிறகு நல்லதாகப் பார்த்து அவனிடமே வாங்கவும் செய்வாள்.

அவளுக்கு அப்போது ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. மலைப்பக்கத்துச் சோளக்கொல்லையில் பிறந்து, கல்யாணமாகி நகரத்துக்கு வந்து, வாடகை அறை வாடகை அறையாக மாறி, கடைசியில் இரண்டு அறையும் ஒரு கொல்லையும் உள்ள இந்த ஓட்டு வீட்டில் நிலைத்தவள். பெரிய படிப்பு கிடையாது. அவளுக்கு வாய்த்ததெல்லாம் உள்ளங்கை. சோற்றுப்பானையோ காய்ச்சல்காரன் நெற்றியோ, ஈரம் போகாத துணியோ, எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டாள். அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் தரையைத் தடவிப் பார்ப்பாள். அது மரியாதையில்லை என்று கணவர் தொக்மான் எத்தனையோ தரம் சொல்லியாயிற்று.

"நான் என்ன அவங்க பானையத் திறந்தா பாத்தேன்? தரையத்தான தொட்டேன்" என்பாள்.

தொக்மான் இதற்கு நேர்மாறு. எதையும் அழகாகச் செய்துவிட வேண்டும் அவருக்கு. உள்ளே எப்படி இருந்தாலும் மேலே பளபளக்க வேண்டும். மகன் இன்சோக்கின் கல்யாணத்துக்கு முன்னால், புதுத் தம்பதிக்கென்று சின்ன அறையின் தரைக்கு அவரே எண்ணெய்த்தாள் ஒட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்ததும் ஊறவைத்து அரைத்த சோயா பயறையும் எண்ணெயையும் துணியில் முடிந்துகொண்டு, முட்டிபோட்டு, தரை முழுக்கத் தேய்த்துத் தேய்த்துத் தேன் நிறத்துக்குக் கொண்டுவந்தார். முகம் தெரியும் அந்தத் தரையில். வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். கல்யாணத்தில் பெண்ணை விடத் தரையைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள் என்று பில்யே சொல்வாள்.

மருமகள் ஹேசுன் ஜேச்சோன் ஊர்க்காரி. அதிர்ந்து பேசத் தெரியாது. மாமியாரின் வாய்க்கு முன்னால் முதல் மாதம் நடுங்கினாள். இரண்டாவது மாதம், மாமியார் திட்டிக்கொண்டே தன் கிண்ணத்தில் மீனின் நல்ல துண்டை வைப்பதைக் கவனித்தாள். அதற்குப் பிறகு நடுங்கவில்லை.

இலையுதிர் முடிந்து அடுப்பில் கரிக்கட்டி போடத் தொடங்கினார்கள். அறைக்கு வெளியே தாழ்வாக அடுப்புவாய். அதில் துளை துளையாக இருக்கும் கரிக்கட்டியை வைத்தால் கனல் தரைக் கற்பலகைகளுக்கு அடியில் ஓடி, அறையைச் சூடாக்கிவிட்டு, அந்தப் பக்கச் சுவரோரம் புகைபோக்கியில் ஏறிப் போகும். போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, ஹேசுன் காலையில் எழுந்து கொல்லைக்கு ஓடினாள். வாந்தி. தலை சுற்றல். சோற்று வாசனையே ஆகவில்லை.

தொக்மான் அன்றைக்குச் செருப்பைக்கூட மாட்டாமல் சந்து முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "நம்ம வீட்ல விசேஷம்."

அன்றிலிருந்து வீட்டில் கவனிப்பு தூள் பறந்தது. அது வரைக்கும் இன்சோக் அடுப்பு ஓரமும் ஹேசுன் கதவு ஓரமுமாகப் படுத்திருந்தார்கள். "பிள்ளைத்தாய்ச்சிய கதவோரம் படுக்க வைக்கிற வீடு இதுதான்" என்று தொக்மான் மகனைத் திட்டி, மருமகளுக்கு அடுப்பு ஓரத்தைக் கொடுத்தார். அறையிலேயே அதுதான் நல்ல இடம், பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும் ஒதுக்குவது. பிறகு காற்றுப் புகாமல் கதவிடுக்கு, சன்னல் இடுக்கு எல்லாவற்றுக்கும் பசை தடவித் தாள்பட்டை ஒட்டினார். கரிக்கட்டியை ஒன்றுக்கு இரண்டாக மாற்றினார்.

ஹேசுனுக்கு வாந்தி அதிகமானது.

"வாந்தி அதிகமா இருந்தா ஆம்பளப் புள்ள" என்றார் தொக்மான்.

"ஆமா, வயித்துக்குள்ள இருந்து உங்களுக்குக் கடுதாசி போட்டுச்சு" என்றாள் பில்யே. ஆனாலும் அவளுக்கும் சந்தோஷம்தான். இல்லாவிட்டால் சந்தையில் மீன்காரியிடம் பேரம் பேசாமல் மீன் வாங்கியிருப்பாளா?

ஜேச்சோனுக்குச் செய்தி போயிற்று. ஹேசுனின் அம்மா, சம்பந்தியம்மாள், மகளைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினாள். சம்பந்தி வீட்டுக்கு வருவது லேசுப்பட்ட காரியமில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் வருகை. ஒரு சொல் தப்பினாலும், ஒரு பாத்திரம் அழுக்காக இருந்தாலும், அது ஜேச்சோன் வரைக்கும் போய்த் திரும்பி வரும்.

அவள் வரும் நாள் காலையில் பில்யே முள்ளங்கித் தண்ணீர் ஊறுகாய் எடுக்கக் கொல்லைக்குப் போனாள். சாடிகள் வரிசையாக நிற்கும் கல் மேடைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், துணி காய்ந்துகொண்டிருந்தது. துவைத்து, பிழிந்து, மேலே வேறு பழந்துணி போட்டு மறைத்த துணி. அது எந்தத் துணி என்று பில்யேவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டில் இருப்பது இரண்டு பெண்கள். அவளுக்கு அது நின்றுபோய் நாளாயிற்று.

கிண்ணத்தோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

முதலில் கோபம்தான் வந்தது. இல்லாத பிள்ளையை இருக்கிறதென்று ஏமாற்றுகிறாளா? அடுத்த நொடியே அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் போயிற்று. வாந்தியை எப்படி ஏமாற்ற முடியும்? இன்று காலைகூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகம் பழைய மாவு மாதிரி வெளுத்து... அது நடிப்பில்லை.

பிள்ளை இல்லை. வாந்தி இருக்கிறது. அப்படியானால் வாந்தி எதற்கு?

பில்யே கிண்ணத்தைச் சாடி மூடிமேல் வைத்துவிட்டு நேராகச் சின்ன அறைக்குப் போனாள்.

ஹேசுன் தன் அம்மாவுக்காகப் படுக்கையை உதறிக்கொண்டிருந்தாள். பெட்டிமேல் கல்யாணத்தின்போது வந்த வெள்ளிக் கரண்டியும் சாப்பாட்டுக் குச்சிகளும் இருந்தன. கறுத்திருந்தன. ஐந்தாறு நாளைக்கு முன்னால்தான் "சாம்பல் போட்டுத் தேய்க்கக்கூட உடம்பு வளையலையா உனக்கு" என்று பில்யே திட்டினாள். அவள் கண்ணெதிரே ஹேசுன் அதைக் கண்ணாடியாகத் தேய்த்து வைத்தாள். மறுபடியும் கறுப்பு. சமையலறையில் இருக்கும் பில்யேவின் பழைய வெள்ளி மோதிரம் கறுக்கவில்லை. இந்த அறைக்குள் இருப்பது மட்டும் கறுக்கிறது.

பில்யே தரையைப் பார்த்தாள். அடுப்பு ஓரத்தில் எண்ணெய்த்தாள் அடிப்பிடித்த சோறு மாதிரிப் பழுப்பாகியிருந்தது. சூடு நன்றாக ஏறும் தரைக்கு அதுதான் அடையாளம் என்று தொக்மான் பெருமைப்படும் இடம். எல்லார் வீட்டிலும் அப்படிப் பழுத்திருக்கும், வட்டமாக. இது வட்டமாக இல்லை. வட்டத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, வளைந்து, பெட்டிக்கு அடியில் போயிருந்தது. உள்ளங்கையை வைத்தாள். கோட்டின் இந்தப் பக்கம் நல்ல சூடு. அந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி, சில்லென்று இருந்தது. சூடு வர வேண்டிய வழியில் வரவில்லை.

"கதவச் சாத்து. இல்ல, வேண்டாம், நல்லாத் திற" என்றாள். "திறந்து வச்சிட்டு இங்க வா. ஒண்ணு கேப்பேன், பொய் சொன்னா நாக்கப் புடுங்கிருவேன். கொல்லையில காயிறது உன்னுதா?"

ஹேசுனின் கையிலிருந்த தலையணை கீழே விழுந்தது.

"அத்தே..."

"அழாத. அழுதா எனக்குக் காது கேக்காது. உன்னுதா?"

"ஆமா அத்தே. சொல்லணும்னுதான் இருந்தேன். மாமா அதுக்குள்ள சந்தெல்லாம் சொல்லிட்டாரு. அம்மாவுக்கும் சொல்லி அனுப்பிட்டாரு. அப்புறம் எப்பிடிச் சொல்றது? எல்லாரும் இவ்ளோ சந்தோஷமா..."

"சரி, அதை விடு. தலவலி எப்ப வருது?"

ஹேசுன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "காலைல. எந்திரிக்கும்போதே இருக்கும்."

"சந்தைக்கு என்னோட வந்தியே, அன்னைக்கு?"

"போற வழில வலிச்சுது. மீன் வாங்கறப்ப வலிக்கல."

"கோஸ் ஊறப் போட அன்னைக்குப் பூராக் கொல்லையிலயே இருந்தியே?"

"அன்னைக்கு நல்லாத்தான் இருந்தேன் அத்தே. ரெண்டு கிண்ணம் சோறு சாப்ட்டேன். நீங்ககூட மாடு மாதிரி திங்கறேன்னு..."

"சொன்னேன், சொன்னேன். இன்சோக்குக்கு?"

"அவருக்கும் காலைல தலவலிதான். நேத்துக் குடிச்சதுன்னு சொல்வாரு."

"குடிக்காத அன்னைக்கு?"

ஹேசுன் யோசித்தாள். "முந்தா நாள் குடிச்சதுன்னு சொல்வாரு."

பில்யே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குளிர்காலம் வந்தால் வானொலியில் காலைச் செய்தியில் தவறாமல் வருவது: இந்தத் தெருவில் இவர்கள், அந்த ஊரில் அவர்கள், கரிப்புகை ஏறி, படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. எதிர்ச் சந்தில் வாடகைக் கார் ஓட்டினவனையும் அவன் மனைவியையும் போர்வையோடு வெளியே தூக்கிவந்து பனியில் கிடத்தியதை அவளே பார்த்திருக்கிறாள். அவன் கண் திறந்தான். அவள் திறக்கவில்லை. அதெல்லாம் வாடகை அறையில், இடிந்த வீட்டில் நடப்பது என்றுதான் பில்யே நினைத்திருந்தாள். இது சொந்த வீடு. புதுத் தரை. முகம் தெரிகிற தரை.

இந்தத் தரையில்தான் இன்று சம்பந்தியம்மாளை அடுப்பு ஓரத்தில் படுக்கவைக்கப் போகிறார்கள், மகளோடு.

அந்த நேரம் பார்த்து வாசலில் தொக்மானின் குரல் கேட்டது. "வாங்க சம்பந்தியம்மா, வாங்க. பஸ்ஸு நேரத்துக்கே வந்துடுச்சு போல. உள்ள வாங்க, நல்லாச் சூடா இருக்கு."

சம்பந்தியம்மாள் சின்ன உருவம், நிமிர்ந்த முதுகு. ஒரு கையில் பழுத்த சீமைப்பனிச்சைக் கூடை, மறு கையில் முழ நீளத்துக்கு உடைக்காமல் கட்டிய கடல்பாசி. பிள்ளை பெற்றவளுக்கும், பிறகு ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் வைக்கிற சூப்புக்கு, உடைத்தால் ஆகாதென்று மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தாள். தொக்மான் அவளை நேராகச் சின்ன அறைக்கு அழைத்துவந்து, அடுப்பு ஓரத்தில், அந்தப் பழுப்பு வட்டத்தின்மேலேயே மெத்தையைப் போட்டு உட்காரவைத்தார்.

"தொட்டுப் பாருங்க தரைய. நானே போட்டது. உங்க பொண்ணு இது மேலதான் ராணி மாதிரி படுத்திருக்கா."

"அருமையா இருக்குங்க" என்றாள் சம்பந்தியம்மாள். பிறகு மகளைப் பார்த்தாள். "என்னடி இப்பிடி வெளுத்துட்ட?"

"முதல் புள்ளன்னா அப்பிடித்தான்" என்றார் தொக்மான்.

பில்யே வாசற்படியில் நின்றாள். வழக்கமாக அவளுக்கு வார்த்தை தேட வேண்டியிருக்காது. இன்றைக்குத் தேடிப் பார்த்தாள். மரியாதையாகச் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"சம்பந்தியம்மா, எந்திரிங்க" என்றாள்.

சம்பந்தியம்மாள் அவளை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்சோக் அம்மா" என்றார் தொக்மான், பல்லைக் கடித்தபடி.

"எந்திரிச்சு அந்த ரூமுக்குப் போங்க. ஹேசுன், நீயும். இந்த ரூம்ல யாரும் இருக்கக் கூடாது. தரை ஒழுகுது."

"ஒழுகுதா? தரையா? தண்ணிப் பானையா அது ஒழுகறதுக்கு?" தொக்மானுக்குக் காது சிவந்துவிட்டது. "விருந்தாளி வந்து உக்காந்து கால்கூட ஆறல. புத்தி பிசகிப் போச்சா உனக்கு?"

சம்பந்தியம்மாள் எழுந்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "பரவால்லீங்க. வந்த நேரம் சரியில்ல போல. சாயங்கால பஸ்ஸுக்கே நான்..."

"பஸ்ஸுக்குப் போறதெல்லாம் அப்புறம்" என்றாள் பில்யே. "நான் சொன்னது தப்பா இருந்தா நானே உங்களத் தூக்கிட்டுப் போயி பஸ்ல உக்கார வைக்கிறேன். இப்ப அந்த ரூமுக்குப் போங்க."

அவள் அடுப்புவாய்க்குப் போய் இடுக்கியால் கனலோடு கரிக்கட்டியை எடுத்துக் கொல்லையில் வைத்தாள். கரிப்புகை கண்ணுக்குத் தெரியாது. அதுதான் அதன் கெட்ட குணம். கண்ணுக்குத் தெரிகிற புகை வேண்டும். வேலி ஓரத்தில் கிடந்த பச்சைப் பைன் கிளைகளை இழுத்துவந்தாள். ஈர வைக்கோல் ஒரு கை. எல்லாவற்றையும் அடுப்புவாய்க்குள் திணித்துத் தீ வைத்தாள்.

"ஏணியப் பிடிங்க" என்றாள் கணவரிடம்.

"மாட்டேன்."

"பிடிக்காட்டி நான் விழுவேன். விழுந்தா யாரு உங்களுக்குச் சோறு போடுவா?"

அவர் பிடித்தார். பில்யே ஏறி, புகை மேலே போக வழியில்லாமல் நனைத்த சாக்கைச் சுருட்டிப் புகைபோக்கி வாயில் அடைத்தாள். கீழே இறங்கி, சின்ன அறையின் கதவையும் சன்னலையும் சாத்தி, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தாளில் விரலால் ஒரு ஓட்டை போட்டுக் கண்ணை வைத்தாள். அந்தத் தாளும் தொக்மான் ஒட்டியதுதான். அதற்கும் ஒரு முனகல் வந்தது.

உள்ளே வெயில் சன்னலில் ஒட்டிய தாள் வழியாகத் தேன் நிறத் தரைமேல் விழுந்திருந்தது. ஒன்றும் இல்லை. தரை சிரித்துக்கொண்டு கிடந்தது.

"என்ன, தெரியுதா உன் ஒழுகல்?" என்றார் தொக்மான். "சம்பந்தியம்மா மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன் இனிமே?"

சம்பந்தியம்மாள் பெரிய அறை வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னைப் புகை போட்டு விரட்டறாங்களாடி?" என்று மெதுவாகக் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. ஹேசுன் தலையைத் தூக்கவில்லை.

பில்யே கண்ணை எடுக்கவில்லை. தப்பாகப் போய்விட்டால்? தப்பாகப் போனால் நல்லதுதான். மானம் போகும், அவ்வளவுதானே. அது போனால் போகட்டும், திரும்ப வரும். ஆனால் கரிப்புகை படாமல் அந்த வெள்ளிக் கரண்டி எப்படிக் கறுக்கும்?

வெயில் விழுந்த இடத்தில் ஏதோ அசைந்தது. ஒரு நூல். பெட்டிக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு நூல் எழுந்து, வெயிலில் ஏறி, உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு சுவரோரம் முழுக்க, தாளும் சுவரும் சேரும் இடத்திலிருந்து, சோறு கொதிக்கும்போது மூடிக்கடியில் ஆவி தள்ளுவது போலப் புகை தள்ளிக்கொண்டு வந்தது.

பில்யே நகர்ந்து கணவருக்கு இடம் விட்டாள்.

தொக்மான் குனிந்து ஓட்டையில் கண்ணை வைத்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"நான்... நான் மண்ணு போட்டுப் பூசினேனே" என்றார் கடைசியில், கதவைப் பார்த்தபடியே.

"எதுக்கு மேல?"

"தாள் ஒட்டறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு கோடு இருந்துச்சு. மயிரிழை மாதிரி. மண்ணு பூசினேன். காயறதுக்கு நாளாகும். கல்யாணத்துக்கு நாள் இல்ல. அதான் மேலயே..."

"அதான் மேலயே பளபளன்னு ஒட்டிட்டீங்க."

அவர் போய் மறுபடியும் ஏணியைப் பிடித்தார்.

பில்யே சாக்கை இழுத்துப்போட்டுப் புகையைப் போகவிட்டாள். கதவையும் சன்னலையும் சட்டத்தோடு கழற்றிக் கொல்லையில் சாய்த்தாள். பெட்டியை அவளும் தொக்மானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளினார்கள். பிறகு அவள் சமையலறைக் கத்தியை எடுத்துவந்து, பழுப்புக் கோட்டின்மேல் குத்தி, எண்ணெய்த்தாளைச் சுவர் வரைக்கும் கிழித்தாள். கிழிகிற சத்தத்துக்குத் தொக்மான் கண்ணை மூடிக்கொண்டார்.

அடியில் மண்பூச்சு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஈரத்தோடு மூடிய மண் சூட்டில் சுருங்கி, கல்லை விட்டே விலகியிருந்தது. அதில் தொக்மான் தேய்த்த விரல் தடம் ஐந்தும் காய்ந்து பதிந்திருந்தன. அதற்குக் கீழே கற்பலகை ஒரு மூலையில் உள்ளே இறங்கியிருந்தது. பக்கத்துக் கல்லுக்கும் அதற்கும் நடுவில் பில்யேவின் சுண்டுவிரல் போகும். விரலை விட்டு எடுத்தாள். கரி.

"கைரேகை பாத்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் கணவரிடம். பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் அதோடு நிறுத்திக்கொண்டாள். முகம் மகன் பிறந்த அன்று இருந்தது போல, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தது.

சம்பந்தியம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். அவளும் அடுப்புக்காரிதான்; யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். கதவிடுக்கெல்லாம் புதிதாக ஒட்டியிருந்த தாள்பட்டையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"இது மேலயா படுத்திருந்தா?"

"அடுப்பு ஓரத்துல நாந்தான் படுக்க வச்சேன் சம்பந்தியம்மா" என்றார் தொக்மான். "நல்ல எடம்னு."

பில்யே சம்பந்தியம்மாளையும் ஹேசுனையும் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கல் மேடையில் உட்காரவைத்து, முள்ளங்கி ஊறுகாய்த் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். "குடிங்க. நீயும் குடிடி. இது குடிச்சா பொக போயிடும்னு ஊர்ல சொல்லுவாங்க. போறதோ என்னமோ, வெளிக்காத்துதான் அதுக்கு மருந்து. மூச்ச நல்லா இழு. வாந்தியெல்லாம் அந்தப் பொகைதான்."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய் நிற்கிறது என்று அவளுக்கே உறைத்தது. தொக்மான் நிமிர்ந்தார்.

"அப்ப... மசக்கை?"

ஹேசுன் கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பில்யே திறந்தாள்.

"மசக்கையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. மசக்கைன்னு அவளா சொன்னா? நீங்கதான் செருப்பு இல்லாம ஓடிப் போயி சொன்னீங்க. அவளுக்கு மசக்கை சரி, உங்க பையனுக்கும் தலவலிதான், அவனுக்கும் மசக்கையா? கறுத்த கரண்டியப் பாத்துட்டு அவளச் சோம்பேறின்னு திட்டினேனே, நான் என்ன யோக்கியம்? எல்லாரும் ஆளாளுக்கு ஒண்ண நெனச்சுக்கிட்டு இந்தப் புள்ளையப் பொகைக்கு மேல படுக்க வச்சிருக்கோம்."

சம்பந்தியம்மாள் மகளின் கன்னத்தைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள், இரண்டு கையாலும் தோளை அழுத்திப் பார்த்தாள், சந்தையில் பொருள் முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"அம்மா, கடல்பாசியெல்லாம் தூக்கிட்டு வந்தியே" என்றாள் ஹேசுன். அழுகை வந்துவிட்டது.

"பாசி கெட்டா போயிடும்?" என்றாள் சம்பந்தியம்மாள். "காய்ஞ்சதுதானடி. நீ இருக்கியே. நீ இருந்தா புள்ள அது பாட்டுக்கு வரும்." மூக்கைத் துடைத்துக்கொண்டு பில்யேவைப் பார்த்தாள். "பஸ்ஸுக்குப் போறேன்னு சொன்னேன் பாருங்க. என்னை மன்னிக்கணும்."

"வந்தவங்கள எந்திரின்னு சொன்னவ நானு. நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க?" என்றாள் பில்யே. "சமமாப் போச்சு. விடுங்க."

மாலையில் அரிசி ஆலையிலிருந்து இன்சோக் வந்தபோது அவன் அறைக்குக் கதவு இல்லை, சன்னல் இல்லை, தரை பாதி இல்லை. மாமியார் சமையலறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா முட்டிபோட்டு, உடைந்த மண்ணை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு?" என்றான்.

"நீ இனிமே குடிச்சா மட்டும் தலவலி வரும்" என்றாள் பில்யே. "கைகால் கழுவிட்டு வா."

தரை போடும் கொத்தனாருக்குச் சொல்லியனுப்பியாயிற்று. கல்லைத் தூக்கி, அடியில் முட்டுக் கொடுத்து, புகைப்பாதையில் சேர்ந்த கரியை வழித்து, புது மண் பூசி, அது முழுக்கக் காயும் வரைக்கும் தாள் பக்கமே போகக் கூடாது என்று பில்யே முடிவாகச் சொல்லிவிட்டாள். தொக்மான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "புகைபோக்கியையும் பாக்கச் சொல்லு" என்றார் அவராகவே. "பெரிய ரூம் தரையையும்." அந்தத் தரையைப் பைன் கிளை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பில்யே சமையலுக்கே போயிருந்தாள். அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவரும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடல்பாசியை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. பில்யே அதிலிருந்து ஒரு நீளத்தை எடுத்து ஊறவைத்தாள். மாட்டிறைச்சியும் நல்லெண்ணெயும் பூண்டும் போட்டு வதக்கி, பெரிய பாத்திரத்தில் சூப் வைத்தாள்.

"யாருக்குப் பொறந்த நாளு?" என்றார் தொக்மான், கிண்ணத்தைப் பார்த்துவிட்டு.

"பேசாமச் சாப்பிடுங்க" என்றாள்.

சம்பந்தியம்மாள் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தாள். உப்பு ஒரு கல் கூடுதல் என்று நினைத்தாள். ஜேச்சோன் போன பிறகும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஐந்து பேரும் பெரிய அறையில், கதவில் ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, வரிசையாகப் படுத்தார்கள். அடுப்பு ஓரத்தை யாருக்குக் கொடுப்பது என்று சம்பந்திகளுக்குள் ஒரு சின்னப் போராட்டம் நடந்தது. தொக்மான் குளிர் வரும் கதவோரத்தில் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டார்.

விடியும்போது பில்யே கண் திறந்தாள். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கொல்லைப் பக்கம் காது கொடுத்தாள். இந்த நேரத்துக்குத்தான் தினமும் ஓடும் காலடி கேட்கும், பிறகு அந்தச் சத்தம். பக்கத்தில் ஹேசுனின் படுக்கை காலியாக இருந்தது.

கொல்லையில் சத்தம் இல்லை. சமையலறையில்தான் இருந்தது. கரகரவென்று ஏதோ சுரண்டும் சத்தம்.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். ஹேசுன் பானைக்கு முன்னால் குத்தவைத்து, நேற்று அடிப்பிடித்த சோற்றைக் கரண்டியால் பெயர்த்துப் பெயர்த்துத் தின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் நிறம் வந்திருந்தது. மாமியாரைப் பார்த்ததும் வாய் நிறைய இருந்ததை விழுங்கத் தெரியாமல் விழித்தாள்.

"பசிச்சுது அத்தே."

"அதை அப்பிடியே பேத்துத் திங்காத, பல்லு போயிடும்" என்றாள் பில்யே. "நகரு. தண்ணி ஊத்திக் காய்ச்சித் தரேன்."

தண்ணீரை ஊற்றினாள். அது கொதிக்கும் வரைக்கும் மருமகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாள்.